பேரீச்ச மரத்துக்கு வாய் வந்த கதை

ரொம்ப காலத்துக்கு முன்னால், மலையடிவாரத்தில் கொன்றையூர் என்கிற ராஜ்ஜியத்தைச் சித்திரமாறன் ஆண்டு வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் ஒரு பொருளின் மேல் ஆசை வைத்துவிட்டால் அதற்குக் கெட்ட காலம் பிறந்ததென்று அர்த்தம். ஆசையாக வளர்த்த கிளியை நெய்ச்சோறு ஊட்டியே கொன்ற மகராசன் அவன்.

மணல் தேசத்திலிருந்து அவனுடைய மாமனார் ஒரு பேரீச்ச மரத்தை வேரோடு அனுப்பிவைத்தார். ஆள் உயரம், பச்சைப் பசேலென்று மட்டைகள். தை பிறந்ததும் மரத்தைப் பார்க்க வருவதாகச் செய்தியும் வந்தது.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இதன் மேல் வெயிலும் படக்கூடாது, பனியும் படக்கூடாது. யார் பொறுப்பு?" என்று சபையில் கேட்டான்.

அரண்மனை உபசாரங்களுக்கு அதிகாரியான அம்பலவாணர் எழுந்தார். மந்திரி பூவணரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "எப்படிப் பார்த்துக்கொள்வதென்று அடியேன் சொல்கிறேன், மகாராஜா. பொறுப்பை மட்டும் மந்திரியார் ஏற்கட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும். பூவணரே, மாமனார் வரும்போது மரம் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதன் தலை சாய்ந்தால் உமது தலையும் சாயும்!"

யோசனை ஒருவருடையது, தலை இன்னொருவருடையது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? பூவணர் கும்பிட்டு ஏற்றுக்கொண்டார்.

உபசாரம் ஆரம்பமானது. வெயிலுக்காகக் காலையில் உச்சியிலிருந்து குடம் குடமாகக் குளிர்ந்த பன்னீர் ஊற்றினார்கள். தண்டு முழுக்கச் சந்தனம் அப்பினார்கள். ஈரம் வடிவதற்குள் பனிக்காகக் கம்பளிகளைச் சுற்றினார்கள். எல்லாம் வாசல் காவலர்களிடமிருந்து பிடுங்கியவை. அதற்கு மேல் மெழுகுத்துணி, காற்று நுழையாதபடி கயிறு. போதாக்குறைக்குச் சுற்றிலும் தணல் நிரப்பிய கணப்புச் சட்டிகள் வேறு.

மார்கழி பாதி போவதற்குள் வெளி மட்டைகள் பழுத்துவிட்டன. பூவணர் கம்பளி இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தார். புளித்த வாடை! பேரீச்சைக்கு உச்சியில் இருப்பது ஒரே குருத்து. அது அழுகினால் மரம் அவ்வளவுதான். தண்டில் வேறு பக்கம் துளிர்க்கிற சாதியில்லை அது.

ராஜாவிடம் ஓடினார். "மகாராஜா, கட்டை அவிழ்க்க உத்தரவு தாருங்கள். மரம் புழுங்கிச் சாகிறது."

"மந்திரியாருக்கு வேலை அலுத்துவிட்டது போலிருக்கிறது" என்றார் அம்பலவாணர், மீசைக்குள் சிரித்துக்கொண்டு.

"கம்பளியில் கை வைத்தால் இன்றைக்கே தலை போகும்" என்றான் ராஜா.

அவிழ்த்தால் இன்று சாவு, அவிழ்க்காவிட்டால் தையில் சாவு. பூவணருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. கழுத்தைத் தடவியபடி வெளியே வந்தவர், யானைக் கொட்டாரத்து வாசலில் நின்றார். பட்டத்து யானைக்கு மாலை போட்டார்கள், பாகனுக்கும் போட்டார்கள். யானைக்கு வெல்லம் கொடுத்தார்கள். பாகனுக்கும் ஒரு கட்டி கிடைத்தது. அந்த அரண்மனையில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழக்கம்தான். ராஜாவின் செல்லத்துக்கு என்ன மரியாதையோ, அதைக் காப்பவனுக்கும் அதே மரியாதை.

மறுநாள் சபையில் பூவணர் கைகட்டி நின்றார். "மகாராஜா, யானைக்கு மெய்க்காவல் உண்டு. மரத்துக்கு மட்டும் இல்லையே? காப்பவனுக்குச் சேர வேண்டிய பன்னீரும் சந்தனமும் வீணாய்ப் போகின்றன. அந்தப் பதவியை எனக்குத் தாருங்கள்."

அம்பலவாணர் துள்ளி எழுந்தார். "அதெப்படி? உபசாரம் அத்தனையும் என் யோசனை! மரியாதையை இவர் தட்டிக்கொண்டு போவதா? எனக்குத்தான் தர வேண்டும்!"

"யோசித்துக்கொள்ளுங்கள், அம்பலவாணரே. மரத்துக்குச் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் ஏற்க வேண்டிவரும்."

"ஒன்று என்ன, ஒன்றில் பாதியைக்கூட விடமாட்டேன்!"

ராஜாவும் தலையாட்டிவிட்டான். மறுநாள் காலை அம்பலவாணர் பட்டு உடுத்தி மரத்தருகே போய் நின்றார். பன்னீரைத் தெளிப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க, குடத்தோடு உச்சந்தலையில் கவிழ்த்தார்கள். மார்கழிக் குளிரில் பற்கள் கிடுகிடுத்தன. சந்தனத்தை அப்பினார்கள். ஈரத்தோடு கம்பளி, மெழுகுத்துணி, கயிறு. கணப்புச் சட்டிகளை நெருக்கி வைத்தார்கள்.

உச்சிவேளையில் அந்த மூட்டைக்குள்ளிருந்து அலறல் கிளம்பியது. "ஐயோ, மூச்சு முட்டுதே! உடம்பெல்லாம் அரிக்குதே! தலையையாவது திறந்து விடுங்கடா, பாவிகளா!"

ராஜா உப்பரிகையிலிருந்து ஓடிவந்தான். "என்ன கூச்சல் இது?"

"மரம்தான் பேசுகிறது, மகாராஜா" என்றார் பூவணர். "இத்தனை நாளும் அதற்கு வாய் இல்லை. இன்றைக்குத்தான் கிடைத்தது."

ராஜாவின் முகம் வெளுத்துவிட்டது. "இரண்டையும் அவிழுங்கள்!" என்று கத்தினான்.

அம்பலவாணர் வெந்த கிழங்காக வெளியே விழுந்தார். அவரை யார் பார்த்தார்கள்? எல்லார் கண்ணும் மரத்தின் உச்சியில் இருந்தது. பூவணர் அழுகிய மட்டைகளை ஒவ்வொன்றாக விலக்கினார். ஒன்று கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அடியில் வெளிர்பச்சையாய், கெட்டியாய் நின்றது. பூவணர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"இனி என்ன செய்ய?" என்று ராஜா தாழ்ந்த குரலில் கேட்டான்.

"வேரில் தண்ணீர், அடியில் வைக்கோல். பனி கொட்டும்போது மட்டைகளைச் சேர்த்துத் தளர்வாய் ஒரு கட்டு. பொழுது விடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். கம்பளிகள் காவலர்களுக்கே போகட்டும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவணர் கழுத்தில் போட்டான். "இனி இந்தச் சபையில் யோசனை யாருடையதோ, பொறுப்பும் அவருடையது" என்று உத்தரவிட்டான். நழுவப் பார்த்த அம்பலவாணரைக் கூப்பிட்டு, "உமது பதவி அப்படியே இருக்கிறது. மாமனார் வரும்வரை இடத்தை விட்டு அசையக்கூடாது" என்றான்.

தை பிறந்தது. மாமனார் வந்தார். மரம் புதுக்குருத்து விட்டு நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் ஒருவர், பாதம் நனைந்து, முழங்கால்வரை வைக்கோலோடு நின்றுகொண்டிருந்தார்.

"இவர் யார், மாப்பிள்ளை?"

"மரத்தின் வாய், மாமா."

மாமனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்படியா? மரம் என்ன சொல்கிறது, ஐயா?"

அம்பலவாணர் மந்திரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ராஜாவை நோக்கிக் கும்பிட்டார். "சுகமாயிருக்கிறதாம், மகாராஜா. தயவுசெய்து இனிமேல் யாரும் உபசாரம் பண்ண வேண்டாமாம்."