கால்வாய்க்கு அக்கரையில் சிரிப்பு

கதைக்குள் நுழையுமுன் கேட்பவர் சிலவற்றை அறிந்துகொள்ள வேண்டும். படங்கள் பேசத் தொடங்காத காலம் அது. திரையில் ஆள் வாயசைப்பான், ஓசை வராது. மடுக்கரை என்னும் ஊரில் தாண்டவராயர், அருணகிரி, சோணாசலம் என அண்ணன் தம்பி மூவர் இருந்தனர். சொன்னதைச் சொன்னபடியே செய்வது அவர்கள் குலவழக்கம். "நான் வந்து சொல்லும்வரை புதுத் தரையில் கால் வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டதால், மூவரும் நான்கு ஆண்டுகளாக மாட்டுக்கொட்டிலில் குடியிருந்தனர்.

மூன்றாவது செய்தி கச்சபேசனைப் பற்றியது. அவன் நாடகக் கம்பெனியில் கோமாளி. தொண்டை கெட்டு, குரல் கல்லுரலில் உளுந்து அரைபடுவதுபோல் ஆகிவிட்டதால், கம்பெனி அவனைக் கைவிட்டது. எஞ்சியிருந்தது மைத்துனனின் தவிட்டு மண்டியில் மூட்டை தூக்கும் வேலை ஒன்றே. அந்த வேளையில்தான் மூவரும் படம் எடுக்கப் புறப்பட்டு, பேசாப்படத்துக்குப் பேச இயலாதவனே பொருத்தம் என்று அவனைத் தேடி வந்தனர்.

படக்கொட்டகை நடத்திய மதுரநாயகம் அவனுக்கு ஒரே நிபந்தனை விதித்தார். "ஜனம் சிரிச்சா அடுத்த மூணு படமும் உனக்குத்தான். சிரிக்கலேன்னா நீ தவிட்டுக்குப் போயிடு."

கேமராவை விற்றவர் ஒரு தாளில் மூன்று குறிப்புகள் எழுதித் தந்திருந்தார். வெயிலில் எடுக்கவும். பெட்டியில் சுருள் தீரும்வரை கைப்பிடியைச் சீராகச் சுற்றவும். இது பேசாப்படம் என்பதை மறவாதீர்.

மூன்றாவது குறிப்பு ஒரு பகல் முழுவதையும் விழுங்கியது.

"நாம பேசினா அது பெட்டிக்குள்ள போயிரும். அப்புறம் படம் பேசும்," என்றார் சோணாசலம்.

"ஆடு கத்தினா?" என்றார் தாண்டவராயர்.

"ஆடு கத்தினா யாருக்குப் புரியப்போவுது, அண்ணே?"

"நமக்குப் புரியாது. இன்னொரு ஆடு படம் பார்க்க வந்தா?"

உடனே ஊரிலிருந்த ஆடுகளுக்கெல்லாம் வாய்க்கட்டுப் போடப்பட்டது. படம் எடுக்கையில் பேச வேண்டியவர், இரண்டு பர்லாங்கு நடந்து, கால்வாய்க்கு அக்கரை சேர்ந்து பேசிவிட்டுத் திரும்ப வேண்டும் என்றும் முடிவாயிற்று.

காட்சி எளியது. கச்சபேசன் பூசணிக்காயைத் திருடிக்கொண்டு பின்னோக்கி நடந்து, கிணற்றுச் சுவரில் உட்கார வேண்டும். உட்கார்ந்தான். செங்கல் பெயர்ந்தது. பூசணிக்காயோடு உள்ளே போனான்.

நீர் கழுத்தளவு இருந்தது. 'காப்பாற்றுங்கள்' என்று கத்துவதற்கு வாயைத் திறந்தவனுக்கு மூன்றாவது குறிப்பு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான். இந்தப் படம் கெட்டால் தவிட்டு மூட்டைதான் என்பதை, கழுத்தளவு நீரிலும் அவன் மறக்கவில்லை.

சுருள் தீரவில்லையாதலால் அருணகிரி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே, முக்காலியோடு கேமராவைக் கிணற்றடிக்கு நகர்த்தி, உள்நோக்கிச் சாய்த்தார். உச்சிவெயில் நேரே கிணற்றில் விழுந்தது. மற்ற இருவரும் கால்வாயை நோக்கி நடந்தனர்.

"கிணத்துல விழுந்துட்டான் அண்ணே."

"பார்த்தேன். கதையில உண்டா?"

"உட்காரத்தான் சொன்னோம். விழச் சொல்லல."

"தூக்கினா, அதுவும் கதையில இல்லையே."

நெடுநேரம் ஆலோசித்து, கதையில் தூக்குவதைச் சேர்த்துக்கொண்டு திரும்பினர். கிணற்றடிக்கு வந்தபின், கயிறு யார் கொண்டுவருவது என்று முடிவு செய்யாதது தெரிந்தது. மறுபடியும் கால்வாய்க்குப் போனார்கள்.

அதற்குள் கச்சபேசன் தலையில் ஒரு தவளை ஏறி அமர்ந்துவிட்டது. மேலே கேமரா சுற்றுவதைக் கண்டதும் கோமாளியின் பழைய இரத்தம் சும்மா இருக்கவில்லை. தவளையை இறக்கிப் பூசணிக்காய்மேல் வைத்து, கைகூப்பி வணங்கி, இடம் தந்ததற்கு நன்றி கூறுவதுபோல் தலைகுனிந்தான். தவளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருவழியாகக் கயிறு வந்தது. 'இழு' என்று சொல்லக் கூடாததால், சோணாசலம் இழுக்கையில் தாண்டவராயர் விட்டார். தாண்டவராயர் இழுக்கையில் சோணாசலம் விட்டார். முடிவில் இருவரும் சேர்ந்தே உள்ளே விழுந்தனர். அருணகிரி சுருள் தீரும்வரை சுற்றினார். அதன்பின் அவர் போட்ட சத்தத்தில் ஊர் வந்து கிணற்றிலிருந்த மூவரையும் தூக்கியது.

படம் கொட்டகைக்கு வந்தது. வாசலில் அண்ணன் தம்பி மூவரும் நின்று, நுழைந்த ஒவ்வொருவரிடமும் பணிவாகச் சொன்னார்கள்: "பேசாப்படம். சத்தம் கூடாது. நீங்க சிரிச்சா அதுவும் உள்ள போயிரும்."

வந்தவர்களும் மடுக்கரைக்காரர்களே. ஆகவே கேட்டுக்கொண்டார்கள்.

கச்சபேசன் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தான். திரையில் கிணற்றில் விழுந்தான்; ஓசையில்லை. தவளையை வணங்கினான்; ஓசையில்லை. சிலர் துண்டை வாயில் திணித்திருந்தனர். ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தோளைக் கடித்துக்கொண்டிருந்தார். எல்லோர் கண்ணிலும் நீர் வழிந்தது. அழுகிறார்கள் என்றே கச்சபேசன் எண்ணினான்.

மதுரநாயகமும் அப்படியே எண்ணினார். "முந்நூறு பேர்ல ஒருத்தன்கூட சிரிக்கல. இது சிரிப்புப் படமா, கருமாதிப் படமாய்யா?" என்று கேட்டுவிட்டு, விடைக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

கச்சபேசன் பையைத் தூக்கிக்கொண்டு தவிட்டு மண்டிக்கு நடந்தான். மண்டி கால்வாய்க்கு அக்கரையில் இருந்தது. பாலத்தை நெருங்கும்போது மதகு உடைந்ததுபோல் பேரோசை எழுந்தது.

அக்கரையில் முந்நூறு பேரும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தனர். உட்கார முடியாதவர்கள் புல்லில் உருண்டனர். ஒருவர் அவனைப் பார்த்து, "தவளைக்குக் கும்பிடு போட்டவரே" என்று தொடங்கி, முடிக்க மாட்டாமல் கால்வாயில் சரிந்தார். கச்சபேசன் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். மதுரநாயகத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பாலத்தின் நடுவில் நிறுத்தினான். அவர் கேட்டார். பின் தாமும் நாலடி நடந்து, அக்கரையில் கால் வைத்தபிறகே சிரித்தார்.

பின்னர் முடிவானவை இவை. மூன்று படங்கள் என்றது பதினொன்று ஆயிற்று. சிரிப்பதற்கென்று மதுரநாயகம் அக்கரையில் தனிக் கொட்டகை போட்டார். கிணற்றுத் தவளைக்கு இரண்டாம் படத்திலும் வேடம் தரப்பட்டது. பேசும் படம் ஊருக்கு வந்தபோது, முறைப்படி எல்லோரும் முதலிலிருந்து கடைசிவரை பேசினார்கள். படம் என்ன பேசிற்று என்பது இன்றுவரை தெரியவில்லை.

கச்சபேசனின் தொண்டை இரண்டே ஆண்டுகளில் குணமாகி, குரல் வெண்கலமாகத் திரும்பியது என்று வைத்தியர் உறுதி செய்தார். ஆயினும் அவன் அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசினால் முன்னே எடுத்த பதினொரு படங்களும் கெட்டுவிடும் என்பது, கால்வாய்க்கு அக்கரையில் நின்று அவன் கடைசியாகச் சொன்ன காரணம்.