ஒழுகாத கோப்பை

காய்ந்த ஓலைகள் உரசும் சரசரப்பு. பிறகு கலயம் உடையும் சத்தம். அதன்பிறகு ஒன்றுமில்லை. பனையேறியான அப்பா மரத்திலிருந்து விழுந்த அன்று தங்கபுஷ்பத்தின் காதில் விழுந்தது அவ்வளவுதான். அப்போது அவளுக்கு எட்டு வயது.

முப்பத்தைந்தாம் வயதில் விண்வெளிப் பயணப் பயிற்சிக்குத் தேர்வானாள். படிப்பிலும் உடல்வலுவிலும் அவளை யாரும் முந்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. எடையில்லாமல் இருந்து பழகுவதற்காக ஒரு விமானத்தை உயரே கொண்டுபோய் அப்படியே விழவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் இருபது நொடி மிதப்பார்கள். மற்றவர்கள் கைகளை விரித்து மிதந்தார்கள். தங்கபுஷ்பம் நடுவில் இருந்த பஞ்சு சுற்றிய கம்பத்தைக் கையாலும் காலாலும் கட்டிக்கொண்டாள்.

‘கை நழுவிச்சுன்னா மரத்தைக் கட்டிக்கோ.’ அப்பா கற்றுக்கொடுத்த ஒரே வித்தை அது.

ஐந்து முறை பறந்தார்கள். ஐந்து முறையும் கட்டிக்கொண்டாள்.

“என்னக்கா, இன்னைக்கு எத்தனை கலயம் பதநீர் இறக்குனீங்க?” என்றான் கூடப் பயின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஆறாவது பறத்தல் வியாழக்கிழமை. அன்றும் கம்பத்தை விடாவிட்டால் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

புதன்கிழமை காலை, பயிற்சி தரும் தில்ஷாத்தைத் தேடி மாடிக்குப் போனாள். தில்ஷாத் அவளைவிட இரண்டு வயது இளையவள். வகுப்பு முடிந்தால் அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். காதில் இருந்த ஒரு கோளாறினால் தில்ஷாத் விண்வெளிக்குப் போக முடியாமல் போனது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

“மேடம், இந்த விமானந்தான் விழுது. மேல போயிட்டா விழாதுல்ல?”

“விழும்.”

“எவ்வளவு நேரம்?”

“ராக்கெட் உங்களை மேல விட்டுட்டுப் போனதுலேர்ந்து நீங்க திரும்பி வர்ற வரைக்கும். ஒன்பது நாளும்.”

செருப்புக்குள் தங்கபுஷ்பத்தின் கால்விரல்கள் மடங்கின.

தில்ஷாத் தேநீர் குடித்து முடித்த காகிதக் கோப்பையின் அடியில் பேனாவால் ஓர் ஓட்டை போட்டாள். விரலால் அதை அடைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்பினாள்.

“கீழ போய் நில்லுங்க.”

தங்கபுஷ்பம் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். தில்ஷாத் விரலை எடுத்தாள். ஓட்டையிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கியது. பிறகு கோப்பையையே விட்டுவிட்டாள்.

“என்ன பாத்தீங்க?”

“விழுந்துச்சு. சிதறிருச்சு.”

“தரையைப் பாத்திருக்கீங்க. கப்பைப் பாருங்க.”

தங்கபுஷ்பம் கோப்பையை மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். இரண்டாம் முறையும் அவள் கண் முந்திக்கொண்டு தரைக்கு ஓடிவிட்டது. மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பையையே பார்த்தாள். கை விட்டதுமே தண்ணீர் நூல் அறுந்தது. தரையைத் தொடும்வரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

அவள் மாடியேறி வர வெகுநேரமாயிற்று.

“ஒழுகலை, மேடம்.”

“தண்ணியும் விழுது, கப்பும் விழுது. ஒண்ணா விழும்போது ஒண்ணு மேல ஒண்ணு பாரமா இருக்காது.”

“அப்ப எங்கப்பாவுக்கு...”

தங்கபுஷ்பம் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

“விழும்போது வலிச்சிருக்காதா?”

“இல்லைக்கா. தரை வந்த பிறகுதான் வலி.”

தங்கபுஷ்பம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “விண்கலத்துக்கும் ஒரு தரை இருக்கே.”

தில்ஷாத் ஈரக் கோப்பையை வாங்கிக் கசக்கி, வெளியே பலமாக வீசினாள். அது மதில் ஓரமாக விழுந்தது.

“இன்னும் வேகமா வீசுனா?”

“மதிலுக்கு அந்தாண்டை.”

“காத்தெல்லாம் தாண்டி மேல போய், நொடிக்கு எட்டு கிலோமீட்டர் போற மாதிரி வீசுனா?”

தேர்வில் அந்தக் கணக்கை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவள் தங்கபுஷ்பம். இப்போது மெல்லச் சொன்னாள். “அந்த ஒரு நொடியில அஞ்சு மீட்டர் விழும். எட்டு கிலோமீட்டர் போறதுக்குள்ள பூமியும் அஞ்சு மீட்டர் கீழே வளைஞ்சிருக்கும். மறு நொடியும் அப்படித்தான்.” குரல் தாழ்ந்தது. “எவ்வளவு விழுந்தாலும் தரை அதே தூரத்துலதான் இருக்கும்.”

தங்கபுஷ்பம் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

“கணக்கு தெரியுது மேடம். கைக்குத் தெரியலையே. விமானம் சரிஞ்சதும் தானாப் போய்க் கம்பத்தைக் கட்டிக்குது. அதையும் விட்டா நான் எதைத்தான் பிடிக்கிறது?”

“அந்தக் கம்பமும் உங்ககூடத்தான் விழுதுக்கா.”

தங்கபுஷ்பம் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த மூன்று ஈரத் திட்டுகளைப் பார்த்தபடி நின்றாள்.

அடுத்த மாசியில் அவள் ஒன்பது நாளில் பூமியை நூற்று நாற்பத்துநான்கு முறை சுற்றிவிட்டு வங்கக் கடலில் இறங்கினாள்.