மாசிலாமணி என்று கூப்பிட்டார்கள்

அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவே பஸ் பிடிக்க வேண்டும். அவ்வளவு பெரிய இடத்தில் பொற்கொடியைப் பொற்கொடி என்று கூப்பிட ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவளுடைய ஆய்வு வழிகாட்டி அமலோற்பவம், தூத்துக்குடிக்காரர்.

மற்ற எல்லோருக்கும் அவள் மாசிலாமணி. அது அவளுடைய அப்பா பெயர். சங்கரன்கோவிலில் பாஸ்போர்ட் எடுத்தபோது, மா. பொற்கொடியின் இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர் என்று போட்டுவிட்டார்கள். நம்ம ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கட்டம் காலியாக இருக்கிறதே என்று அப்பனைத் தூக்கி வைத்துவிடுவோம்.

வந்த புதிதில் அது வேடிக்கையாக இருந்தது. கூடப் படிக்கிறவர்கள் தன்னை 'மசில்மேனி' என்கிறார்கள் என்று போனில் சொன்னால், அப்பா புரையேறச் சிரிப்பார். போன தையில் அப்பா செத்துப்போனார். ஊருக்குப் போனால் திரும்பி வர விசா கிடைக்குமோ, கிடைக்காதோ என்ற பயத்தில் அவள் போகவில்லை. அதை நினைத்து அவள் அழாத நாளில்லை.

அன்று மதியம் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால் முனைவர் பட்டத்துக்கு மேலே படிக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஏற்கெனவே ஒரு தடவை தேர்வு அறைக்குள் போய், ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் நின்றுவிட்டு வந்திருந்தாள்.

தேர்வு அறைக்கு வெளியே நீண்ட வராந்தாவில் அவளும் அமலோற்பவமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், போன தடவை ஏன் வாயடைச்சு நின்னேன்னு கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். நீதான் சொல்லல."

"சொன்னா பைத்தியம்னு நினைப்பீங்க."

"இந்தப் படிப்புக்கு வந்தவ எவ தெளிவா இருக்கா? சொல்லுட்டி."

பொற்கொடி குரலைத் தாழ்த்தினாள். "மாசிலாமணின்னு கூப்பிட்டாங்க. எனக்குப் பின்னால ஒரு செருமல் கேட்டுச்சு. அப்புறம், 'இந்தா வந்துட்டேன்'னு ஒரு குரல். எங்க அப்பா குரல் மேடம். அரிசி மில்லுல மூட்டை தூக்கினவர். முதலாளி கூப்பிட்டா, சோத்துல கை வச்சிருந்தாலும் அப்படிச் சொல்லிட்டுத்தான் எந்திரிப்பார்."

"ம்."

"இப்ப எங்க கூப்பிட்டாலும் கேக்குது. வகுப்புல, லைப்ரரியில, ஆஸ்பத்திரியில. எனக்குப் பயமா இருக்கு. இந்தப் பேரையே எடுத்துடலாம்னு பாக்கேன்."

அமலோற்பவம் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "ஊர்ல இப்ப உங்க அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட யார் இருக்கா?"

பொற்கொடி யோசித்தாள். "யாரும் இல்ல."

"நீ படிச்ச காலேஜுக்கு வந்திருக்காரா?"

"ஒரு தடவை சாப்பாடு கொண்டுவந்தார். உள்ள வாங்கப்பான்னு கையைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தேன். 'படிச்சவங்க இருக்குற இடம் தாயி, நான் வாசல்லயே நிக்கேன்'னுட்டார். நல்ல வெயில். அசையவே இல்ல."

அப்போது வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஓர் அலுவலகப் பெண் கூப்பிட்டாள். "டாக்டர் சூசைமிக்கேல்!"

அது அமலோற்பவத்தின் பாஸ்போர்ட்டில் இருக்கும் இரண்டாவது பெயர். அவர் பதில் சொல்லவில்லை. கூப்பிட்டால் அவர் எப்போதுமே தாமதமாகத்தான் ஏன் என்பார். காது மந்தம் என்று துறையில் பேசிக்கொள்வார்கள். பொற்கொடியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

இன்று பக்கத்திலேயே இருந்ததால் அவளுக்கு ஒரு வாடை அடித்தது. உப்புத் தண்ணீரில் நனைந்த வலையின் வாடை. கடலே இல்லாத ஊர் அது. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. வாடை மெதுவாகப் பெஞ்சைத் தாண்டிப் போனது. அதற்கப்புறம்தான் அமலோற்பவம் கையைத் தூக்கி, "இதோ வர்றேன்" என்றார்.

பொற்கொடி பெஞ்சைச் சுற்றிலும் பார்த்தாள். "மேடம், சூசைமிக்கேல்..."

"எங்க அப்பா. கடலுக்குப் போனவர், கரைக்கு வரல."

"அதான் கூப்பிட்டா உடனே ஏன்னு கேக்க மாட்டேங்கிறீங்களா?"

"அவரைத்தானே கூப்பிடுறாங்க? அவர் சொல்லி முடிக்கட்டும்."

தேர்வு அறையின் கதவு கொஞ்சமாகத் திறந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் தலையை நீட்டி, "மசில்மேனி!" என்றுவிட்டு உள்ளே போனார்.

செருமல் கேட்டது. இந்தத் தடவை ரொம்பப் பக்கத்தில். "இந்தா வந்துட்டேன்."

பொற்கொடி எழுந்து கதவுவரை போய்விட்டாள். அதற்கு மேல் கால் நகரவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல், "மேடம்" என்று மட்டும் கூப்பிட்டாள்.

"கதவை அகலத் திறந்து பிடிச்சுக்கோட்டி" என்றார் அமலோற்பவம். "இல்லன்னா இங்கேயும் வாசல்லயே நின்னுடுவார்."