தோகை விரித்த மயிலும் மூன்று அரசிலையும்

ஒரு காட்டோரப் புளியமரத்தடியில் மயிலும் கீரியும் காட்டுப்பன்றியும் இலையாட்டம் ஆடிக்கொண்டிருந்தன. இலை போடுகிற வேலை முயலுக்கு.

ஆட்டம் லேசானதுதான். முயல் ஆளுக்கு மூன்று இலை கொடுக்கும். எடுத்ததும் எல்லோரும் ஆளுக்கொரு கடலையை நடுவில் வைத்துவிட வேண்டும். தன் இலையை நம்புகிறவன் மேலும் கடலை வைக்கலாம். மற்றவர்களும் அதே அளவு வைக்க வேண்டும். முடியாது என்றால் இலையைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டும். மூன்றும் ஒரே இலையாக வந்தால் பெரிய கை. அதிலும் மூன்று அரசிலை வந்துவிட்டால் அதை வெல்ல எதுவுமே கிடையாது. குவியலில் இருந்ததே மூன்று அரசிலைதான்!

சும்மா பொழுதுபோக்குக்குத்தானே என்று நினைக்காதீர்கள். அந்த வருஷம் மழை இல்லை. புல் கருகிவிட்டது, பூச்சி புழு ஒன்றும் இல்லை. கடலைக் கொல்லையில் பொறுக்கி வைத்ததுதான் சாப்பாடு. மயிலின் மனைவி உண்ணிப்புதருக்குள் ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். பொரிக்க இன்னும் ஆறு நாள். அதுவரை அவளுக்குத் தீனி வேண்டும்.

மயில் கொஞ்ச நேரம் அடைகாத்தால் அவள் போய் மேய்ந்துவிட்டு வரலாமே என்று கேட்பீர்கள். அந்த நீளத் தோகை புதருக்குள் நுழைய வேண்டாமா?

இன்னொன்றும் சொல்கிறேன். கீரி கடலை தின்னுமா? தின்னாது. பிறகு எதற்குக் கடலைக்கு ஆடுகிறது? மயிலின் கடலை தீர்ந்தால் மனைவிக்குப் பசிக்கும். பசித்தால் எழுந்து வெளியே போவாள். அப்புறம் முட்டைக்கு யார் காவல்? அதுதான் அந்தப் பாவியின் எண்ணம்.

முதல் நாள் மயிலுக்கு மூன்று ஆலிலை வந்தது. அவ்வளவுதான்! மயிலுக்குத் தலைகால் புரியவில்லை. தோகை தானாக விரிந்து சிலிர்த்தது.

"பத்து கடலை!" என்று கூவியது மயில்.

கீரி தோகையைப் பார்த்தது. "எனக்கு வேண்டாம்பா!" என்று கவிழ்த்தது.

"எனக்கும் வேண்டாம்!" என்றது பன்றி.

நடுவில் கிடந்த இரண்டு கடலைதான் மயிலுக்கு லாபம். அடுத்த ஆட்டத்தில் ஒன்றுக்கும் உதவாத இலைகள் வந்தன. தோகை தரையில் கிடந்தது. அதையும் கீரி பார்த்தது. "பத்து!" என்றது. விட மனசில்லாமல் மயிலும் பத்து வைத்துத் தோற்றது.

வீட்டுக்கு வந்த மயில் தலையைச் சொறிந்தது. "ஒண்ணும் புரியலை. நல்ல இலை வந்தா ரெண்டு வருது. கெட்ட இலை வந்தா பத்து போகுது. இது என்ன நியாயம்?"

"நீங்க தோகையை விரிச்சீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"சந்தோஷம் வந்தா விரியாம என்ன செய்யும்?"

"ஐயோ, உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது! இலையில இருக்கிறதை முதுகுல எழுதிக் காட்டினா எவன் ஆடுவான்? ஒரு கொடியை எடுத்து இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போங்க!"

மறுநாள் மயில் தோகையைக் கொடியால் கட்டிக்கொண்டு போனது. அன்றைக்கு மூன்று புங்கிலை வந்தது. தோகை அசையவில்லை. இனி எல்லாவற்றையும் மறைக்க வேண்டும் என்று நினைத்த மயில் வாயையும் மூடிக்கொண்டது. ஒரு கடலைகூட மேலே வைக்கவில்லை.

"நீ வைக்கலையா?" என்றது கீரி.

"இல்லை."

"அப்ப நானும் இல்லை."

"நான் மட்டும் எதுக்கு?" என்றது பன்றி.

இலையைக் காட்டினார்கள். மயில்தான் ஜெயித்தது. லாபம் இரண்டே கடலை!

மயிலுக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. "விரிச்சாலும் ரெண்டு, மூடினாலும் ரெண்டு! அப்புறம் எதுக்குடா நல்ல இலை?" என்று மரத்தைப் பார்த்துக் கேட்டது. மரம் என்ன சொல்லும்?

அதற்கப்புறம் வந்ததெல்லாம் மோசமான இலைகள். மூன்றாம் நாள் காலையில் மயிலிடம் மிச்சம் இருந்தது நான்கு கடலை. மனைவிக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. "இன்னைக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னா நான் மேயப் போகணுங்க. முட்டையை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள்.

மயில் அன்றைக்கும் தோகையைக் கொடியால் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தது. முயல் இலை போட்டது. முதல் இலை அரசு. இரண்டாவதும் அரசு. மூன்றாவதைத் திருப்பிப் பார்த்தது. அதுவும் அரசு!

மயிலின் தோகை கொடிக்குள் திமிறியது. 'விரியாதே, விரியாதே' என்று மயில் அதைக் கெஞ்சியது. கேட்குமா? படார் என்று கொடி அறுந்தது. தோகை முழுசாக விரிந்து நின்றது.

'போச்சு! எல்லாம் போச்சு!' என்று கண்ணை மூடிக்கொண்டது மயில்.

அதே நேரம் மேற்கே குடுகுடுவென்று இடி உருண்டது. கீரி அண்ணாந்து பார்த்தது. மலைக்கு மேலே கருமேகம் திரண்டிருந்தது.

கீரி பன்றியின் காதில், "பயப்படாதே அண்ணே, மேகத்தைப் பார்த்து விரிச்சிருக்கான்!" என்று கிசுகிசுத்தது. அதன் கையில் மூன்று ஆலிலை. பன்றியிடம் மூன்று புங்கிலை. இரண்டுக்குமே வாயெல்லாம் பல்.

"என்கிட்ட இருக்கிற இருபதையும் வைக்கிறேன்!" என்றது கீரி.

"நானும் இருபது!" என்றது பன்றி.

மயில் கண்ணைத் திறந்தது. ஏன் இவர்கள் ஓடவில்லை? அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்கிட்ட மூணுதான் மிச்சம்..." என்று இழுத்தது.

கீரி நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டது. "அதனால என்ன மாப்ளே! நீ தோத்தா உங்க வீட்டம்மா ஒரு நாழிகை எழுந்து காலாற நடந்துட்டு வரட்டும். அது போதும் எனக்கு."

முயல் திடுக்கிட்டது. "மயிலு, வேண்டாம்! யோசிச்சுச் சொல்லு!" என்று கத்தியது.

மயில் தன் இலைகளைப் பார்த்தது. மறுபடியும் பார்த்தது. அரசு, அரசு, அரசு. "சரி" என்றது.

கீரி ஆலிலைகளை விரித்துக் காட்டியது. பன்றி புங்கிலைகளை விரித்தது. மயில் தன் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தது.

கீரிக்கு முகம் செத்துவிட்டது. "மோசடி! நீ மேகத்தைப் பார்த்துத்தானே தோகையை விரிச்சே?"

"மேகமா? எங்கே?" என்றது மயில். அதன் மூக்கில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

கடலை எல்லாவற்றையும் முயல் உதவியோடு புதருக்குக் கொண்டுவந்து குவித்தது மயில். மனைவி நாலைந்தை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, "எப்படிங்க ஜெயிச்சீங்க?" என்று கேட்டாள்.

"சத்தியமாத் தெரியலை. இன்னைக்கும் விரிச்சுத் தொலைச்சேன். ஆனா யாரும் ஓடலை!"

மனைவி கொட்டுகிற மழையைப் பார்த்தாள். கணவனின் நனைந்த தோகையைப் பார்த்தாள். முட்டைகள் உருளுகிற அளவுக்குச் சிரித்தாள். "அடுத்த தடவை நல்ல இலை வந்தா, எப்பவும் போல முகத்தை வச்சுக்கிட்டு, எப்பவும் போலக் கொஞ்சம் கொஞ்சமா வைங்க. தினமும் நமக்காக இடி இடிக்காது" என்றாள்.

நல்ல கை வந்ததும் குதிப்பவனுக்கும், பயந்து பதுங்குபவனுக்கும் இரண்டே கடலைதான். இரண்டும் செய்யாமல் அடக்கமாக ஆடுபவனுக்குத்தான் அந்தக் கையின் முழுப் பலன்.