ஓடாமல் நின்றவர்

நகரத்தின் புகையைக் குறைக்க, பேருந்துகள் எரிவாயுவில்தான் ஓட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. பதினோரு பேருந்துகள் வைத்திருந்த சோலையப்ப முதலாளி, ஒவ்வொன்றிலும் காலி சிலிண்டரை மாட்டிவிட்டுப் பழையபடி டீசலிலேயே ஓட்டினார்.

நீதிமன்றம் அனுப்பிய அதிகாரி அம்மா சோதனைக்கு வரும் நாளில், முதலாளி டிரைவர் மாசானத்தைக் கூப்பிட்டார். "கேட்டா கேஸ்லதான் ஓடுதுன்னு சொல்லு. இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்லடா."

மாசானம் யோசித்துப் பார்த்தான். பொய் சொன்னால் ஜெயில், உண்மை சொன்னால் வீட்டில் நாலு வயிறு பட்டினி.

அதிகாரி சிலிண்டரைப் பார்த்தார். "டிரைவர், இது கேஸ்லதான் ஓடுதா?"

மாசானத்தின் கை வண்டிக்கு அடியில் போய், பிரேக்குக்கான காற்றுத் தொட்டியின் வால்வைத் திறந்தது. 'புஸ்ஸ்' என்று சீறியது. அவன் தலைதெறிக்க ஓடினான். சிலிண்டர்தான் கசிகிறது என்று அதிகாரி ஓடினார், கூட வந்த போலீஸ்காரர் ஓடினார், டீ கொண்டுவந்தவரும் தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடினார்.

முதலாளி மட்டும் சிலிண்டர்மேல் சாய்ந்தபடி சிரித்தார். "பயந்தாங்கொள்ளிப் பயலே! காலி சிலிண்டர் எங்கடா வெடிக்கும்?"

சுவருக்குப் பின்னாலிருந்து அதிகாரியின் தலை எட்டிப் பார்த்தது. "காலியா?"

எரிவாயுவுக்கு மாற்றும்வரை பேருந்துகள் ஓடக் கூடாது, அதுவரை டிரைவர்களை நீக்கவும் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதலாளி பல்லைக் கடித்தார். "காட்டிக் கொடுத்துட்டியேடா!"

"நான் வாயே திறக்கலையே முதலாளி," என்றான் மாசானம். "சொன்னது நீங்கதானே?"