எறும்பு தாண்டாத கோடு

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி கொன்றைப்பட்டணம்னு ஒரு சீமை. அதை மகரகேதுன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. நல்ல மனுஷன்தான், ஆனா காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. ஒரு தடவை அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. உடனே சபையில எல்லாரும் இடது பக்கமே பார்த்துப் பேசணும்னு உத்தரவு போட்டுட்டாரு. சுளுக்கு போயிடுச்சு, உத்தரவை எடுக்க மறந்துட்டாரு. பாவம், ஒரு தளபதி அப்படியே நடந்து போயி தூண்ல முட்டிக்கிட்டாரு. அந்தத் தளபதியோட மாமியார் இருக்காளே, அவ ஒரு பெரிய கதை. அது கெடக்கட்டும்.

அரண்மனைக்குப் பின்னால ஒரு ஆராய்ச்சி மண்டபம். அங்க எதையாவது கண்டுபிடிச்சா என்ன வழக்கம் தெரியுமா? சபையில வந்து விளக்கணும், எல்லாரும் தலையாட்டணும், ராஜா ஒரு சால்வை போத்தணும். அப்புறம் அந்தப் பொருளை மச்சுல ஏத்திருவாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அது பல்லி முட்டை போடத்தான் ஆகும்.

மண்டபத்துல நாகலிங்கம்னு ஒருத்தர். எறும்பை விரட்ட வசம்பையும் ஏதேதோ மூலிகையையும் இடிச்சு ஒரு பொடி கண்டுபிடிச்சாரு. சால்வையும் வாங்கிட்டாரு. பொடி மச்சுக்குப் போயிடுச்சு.

அரண்மனைக் காரியக்காரர் வீரபாகுவுக்கு இந்த மண்டபத்தைக் கண்டாலே வயித்தெரிச்சல். அதை இடிச்சுட்டுத் தன் மச்சானுக்குக் குதிரை லாயம் கட்டணும்னு ஆசை. ராஜா காதுல போயி ஓதுனாரு.

"மகாராஜா, அங்க கண்டுபிடிச்சதுல ஒண்ணாவது ஊருல ஒரு வீட்டுக்காவது ஆகியிருக்கா?"

ராஜாவுக்குச் சுருக்குன்னுச்சு. "தேர்த் திருவிழா வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு வீட்டுலயாவது இவங்க சாமான் புழங்கணும். இல்லேன்னா மண்டபத்தை இடிச்சுரு. எல்லாரும் ஆடு மேய்க்கட்டும்!"

நாகலிங்கத்துக்குச் சோறு இறங்கல. தனக்காகக்கூட இல்ல. பக்கத்து அறையில உமையாள்னு ஒரு அம்மா, கல்யாணங்கூட வேண்டாம்னு வானத்தைப் பார்த்து மழைக்கணக்கு போட்டுக்கிட்டிருந்தாங்க. அவங்க எந்த ஆட்டை மேய்ப்பாங்க? ஓடுனாரு மந்திரி தில்லைநாயகத்துக்கிட்ட.

"சந்தைக்குப் போங்க" அப்படின்னாரு மந்திரி.

"சந்தைக்கா! நான் படிச்சவன் மந்திரியாரே. கூவி விக்கச் சொல்றீங்களா?"

"கூவ வேண்டாம். கேட்டுட்டு வாங்க."

வேற வழி? மச்சுல கெடந்த பொடியை எடுத்துக்கிட்டுப் போனாரு. வெல்லம் விக்கிற காத்தாயிதான் முதல்ல வந்தா.

"என்னய்யா இது?"

"அம்மா, எறும்பு பல வகைப்படும். முதல் வகையோட கொம்பு..."

"ஏய்யா, எறும்புக்குப் பொண்ணு பார்க்கிறியா? என் வெல்லத்துக்கு எறும்பு வராம இருக்குமா, இருக்காதா?"

"திட்டவட்டமா சொல்ல முடியாதும்மா. காத்து, ஈரம், எறும்போட மனநிலை..."

அவ எந்திரிச்சே போயிட்டா! படிச்சவங்க பேச்சு இப்படித்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு வைத்தியர், விக்கலுக்கு மருந்து கேட்டா நெஞ்சுக்கூட்டைப் பத்தி ஆரம்பிப்பாரு. முடிக்கிறதுக்குள்ள விக்கல் தானா நின்னுரும்.

எங்க விட்டேன்? ஆங், மந்திரி சொன்னது அப்பத்தான் நாகலிங்கத்துக்கு உறைச்சுது. பின்னாலயே ஓடுனாரு. "நான் பேசல தாயி. நீ பேசு. உனக்கு என்ன கஷ்டம்?"

"பொடி தூவுனா வெளக்குமாறு பட்டதும் போயிரும். காத்தடிச்சா வெல்லத்துல விழும். கோலம் மாதிரி தரையோட ஒட்டி நிக்கணும்யா. செய்வியா?"

அட, இது தோணலையேன்னு ஓடி வந்து, பொடியைச் சுண்ணாம்புக் கட்டியோட பிசைஞ்சு, விரல் நீளத்துக்கு உருட்டிக் காய வெச்சாரு. தரையில இழுத்தா வெள்ளைக் கோடு. எறும்பு வந்து மோந்து பார்த்துட்டு, சம்பந்தி வீட்டுல கோவிச்சுக்கிட்ட மாதிரி திரும்பிருச்சு. காத்தாயி ஒண்ணு வாங்கிட்டுப் போயி ஊரையே கூட்டிட்டு வந்துட்டா.

தேர்த் திருவிழாவும் வந்துச்சு. ஊருல வீட்டுக்கு வீடு இந்தக் கோடுதான்னு நாகலிங்கம் சபையில சந்தோஷமா சொன்னாரு. வீரபாகு விடுவாரா?

"மகாராஜா, ஊர்க்காரங்க மந்திரிக்காகப் பொய் சொல்லுவாங்க. நம்பாதீங்க."

"அதுவும் சரிதான்" அப்படின்னுட்டாரு ராஜா. நாகலிங்கம் பரிதாபமா மந்திரியைப் பார்த்தாரு.

மந்திரி மட்டும் சிரிச்சாரு. "அப்படின்னா, எங்களுக்காகப் பொய் சொல்லாத வீடா நீங்களே ஒண்ணைக் காட்டுங்க காரியக்காரரே. அங்க இல்லேன்னா நாளைக்கே இடிச்சிரலாம்."

"மந்திரியாரே!"ன்னு நாகலிங்கம் அவர் அங்கவஸ்திரத்தைப் பிடிச்சு இழுத்தாரு. மந்திரி திரும்பியே பார்க்கல.

வீரபாகு மீசையை முறுக்குனாரு. "எதுக்கு வேற வீடு? என் வீட்டையே பாருங்க! அந்த மண்டபத்துத் தூசி என் வாசப்படியைத் தாண்டுமா?"

ராஜாவே நேர்ல போனாரு. அடுப்படியில வெல்லப் பானை திறந்தே கெடக்கு. சுத்தி வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் எறும்புப் பட்டாளம் திருதிருன்னு முழிக்குது!

"இது என்னம்மா?"ன்னாரு ராஜா.

வீரபாகு சம்சாரம் செண்பகவல்லி வெள்ளந்தியா சொன்னா: "சந்தையில வாங்கினது மகாராஜா. புண்ணியவான், யாரு செஞ்சாரோ! இவரு குளிச்சிட்டு வர்ற நேரத்துக்குள்ள அதிரசத்தை எறும்பு மொய்ச்சிரும். இப்ப நிம்மதி."

வீரபாகு முகம் வெந்த கத்திரிக்கா மாதிரி ஆயிடுச்சு.

"எப்படிய்யா தெரியும்?"னு ராஜா மந்திரியைக் கேட்டாரு.

"பொங்கலுக்கு இவங்க வீட்டு அதிரசத்துல எறும்பைத் தட்டித் தட்டித் தின்னோம் மகாராஜா. நேத்து திருவிழாவுக்கு வந்த அதிரசத்துல ஒரு எறும்புகூட இல்லையே."

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "மண்டபம் நிக்கட்டும்! இனிமே எதைக் கண்டுபிடிச்சாலும் முதல்ல சந்தை, அப்புறம்தான் சபை. காரியக்காரரே, மச்சுல கெடக்கிறதையெல்லாம் உம்ம தலையிலயே சுமந்து இறக்கி வையும்!"

நாகலிங்கம் அந்த அடுப்படியிலேயே சப்பணம் போட்டு உக்காந்துட்டாரு. அப்புறம் எந்திரிச்சு, உமையாளைத் தேடிப் போயி, செங்கல் சூளைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அந்தம்மா கூச்சத்தோட சூளைக்காரங்ககிட்ட, "மழை வரப்போறதை முன்கூட்டியே சொன்னா உங்களுக்கு ஆகுமா?"ன்னாங்க.

பச்சைச் செங்கல் கரைஞ்சு கரைஞ்சு நொந்துபோன மனுஷங்க. அப்படியே சுத்தி நின்னுட்டாங்க. "தாயி, இம்புட்டு நாளா எங்க இருந்தீங்க?"

"இதோ, அந்த மதில் சுவருக்கு அந்தப் பக்கம்தாங்க" அப்படின்னாங்க உமையாள். "எட்டிப் பார்க்கத்தான் தோணல."