ஒளித்து வைத்த மெட்டீரியல்

“எந்த மெட்டீரியல் படிக்கிறதுங்க மேடம்? மறைக்காமச் சொல்லுங்க.”

கௌசிகா வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம்கூட அப்புறம்தான் வந்தது.

சாருமதி மேடம் ஈரோட்டில் ஒரு டயர் கடையின் மாடியில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பாடம் நடத்துகிறவர். முப்பது வயது இருக்கும். வாசலில் போர்டு கிடையாது. ஆனாலும் அவரிடம் படித்தவர்களில் பலருக்குச் சீட் கிடைத்துவிடுகிறது.

கிடைக்காத வீடுகளில் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அந்த அம்மாவிடம் ஏதோ ஒரு மெட்டீரியல் இருக்கிறது, வேண்டப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார் என்று பேச்சு.

கௌசிகா அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் படியேறி வந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை தேர்வு எழுதியிருந்தாள். போன முறை மயிரிழையில் போனது. இந்த மே மாதமும் இல்லையென்றால் பி.காம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அடுத்த வருஷம் தம்பி எழுத வேண்டும்.

பி.காம் படிப்பது ஒன்றும் பாவமில்லை. ஆனால் அவளுக்கு டாக்டராக வேண்டும்.

மேடம் கேட்டார். “நான் ஒரு புத்தகம் சொன்னா நம்புவியா?”

“விசாரிச்சுப் பார்ப்பேனுங்க.”

“யார்கிட்ட?”

கௌசிகா கொஞ்சம் யோசித்தாள். “அந்த ஆளைத்தாங்க தேடிட்டிருக்கேன்.”

மேடம் சிரிக்கவில்லை. இதுவரை என்னென்ன படித்தாய் என்று மட்டும் கேட்டார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வேதியியல் புத்தகத்தில் முதல் பாடத்திலேயே அச்சுப்பிழை, அதோடு அதை மூடிவிட்டாள். நாமக்கல்லில் படித்த சென்டரில் நன்றாகப் படிக்கிற முதல் பேட்ச் பிள்ளைகளின் மாட்யூல் புத்தகம் இவளுடையதைவிடத் தடிமனாக இருந்தது, ஆகவே இவளுடையதில் எதையோ உருவிவிட்டார்கள். சீட் வாங்கிய அக்கா ஒருத்தி தன் நோட்ஸைச் சும்மாவே கொடுத்தாள். சும்மா கொடுக்கிறாள் என்றால் அதில் முக்கியமானது இருக்குமா?

பாடநூலை ஒழுங்காகப் படித்தால் போதும் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, அதுதான் பெரிய சந்தேகம். பேசி வைத்துக்கொள்ளாமல் அத்தனை பேரும் எப்படி ஒன்றையே சொல்வார்கள்?

இப்படிப்பட்ட மூளையை வைத்துக்கொண்டு இந்தப் பெண் போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்.

பேசும்போதே அவள் கண் மூலையிலிருந்த இரும்பு பீரோவின் மேல் இருந்தது. பூட்டியிருந்தது. மேடம் அதைக் கவனித்தார். சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

திறந்து பார்த்தாள். ஒரு டிபன் கேரியர், ஒரு குடை, பால் பாக்கெட்.

“கடைப் பூனை மேல வந்துருது. அதான் பூட்டறது.”

கௌசிகா பீரோவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பால் பாக்கெட்டுக்கு யாராவது பீரோ வைப்பார்களா? நேற்றே எடுத்து வேறெங்கோ மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் வகுப்பில் சேர்ந்தாள். உள்ளே இருந்தால்தானே கண்டுபிடிக்க முடியும்.

வாரங்கள் போயின. மேடம் பாடநூலை நடத்தினார், கேள்வி கேட்டார், மறுபடியும் பாடநூலை நடத்தினார். கௌசிகா பாடத்தைக் கவனித்ததைவிட மற்றவர்களின் பைகளை அதிகம் கவனித்தாள். யாராவது வகுப்பு முடிந்தும் இரண்டு நிமிஷம் நின்றால் இவளும் செருப்பைத் தேடுகிற மாதிரி நிற்பாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டாள். மற்றவர்களுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடுங்கள் என்றாள். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

மேடம் அவளைப் பார்த்தார். கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஞாயித்துக்கிழமை வா. தனியா வா.”

ஞாயிற்றுக்கிழமை டயர் கடை பூட்டியிருந்தது. மாடியில் மேடம் மட்டும் இருந்தார். கையில் ஒரு கேள்வித்தாள், அதற்கு விடைகள் உள்ள ஒரு ஆன்சர் கீ. இரண்டிலும் எந்த சென்டரின் பெயரும் இல்லை.

“எழுதிட்டு நீயே திருத்திக்க. யார்கிட்டயும் காட்டாதே.”

கௌசிகா இத்தனை நாள் எங்கெங்கோ தேடிய பொருள் கைக்கு வந்துவிட்டது.

எழுதினாள். கேள்விகள் எல்லாம் தெரிந்தவையாகவே இருந்தன. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு கீயைப் பார்த்துத் திருத்தினாள். நிறைய தப்பு. அவ்வளவு தப்பு வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் உள்ளூர ஒரு திருப்தியும் இருந்தது. இதுதான் அசல், இது கிடைக்காததால்தான் இத்தனை நாள் தனக்குச் சரியாக வரவில்லை.

தன் விடைகளை அடித்துவிட்டுக் கீயில் உள்ளதை எழுதினாள். ஓரத்தில் அதற்கு விளக்கமும் எழுதினாள்.

மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் புரட்டினார். ஒரு கேள்வியில் விரலை வைத்தார். நுரையீரலில் சுத்தமாகும் ரத்தத்தை எது இதயத்துக்குக் கொண்டுவருகிறது என்ற கேள்வி.

“முதல்ல என்ன எழுதின?”

“சிரைங்க. தப்புங்க மேடம். கீயில தமனின்னு இருக்குது.”

“சிரைன்னு ஏன் எழுதின?”

கௌசிகா சொன்னாள். இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, உள்ளே வருவது சிரை. உடம்பு முழுக்கத் தமனியில்தான் சுத்த ரத்தம். நுரையீரலில் மட்டும் தலைகீழ். சொல்லிக்கொண்டே தாளின் பின்பக்கம் இதயத்தை வரைந்தாள். நான்கு அறையும் போட்டாள். அம்புக்குறி போடும்போது கை நின்றது.

“மேடம், கீ தப்புங்க.”

“ஆமா. நான்தான் காலையில வேணும்னே தப்பா டைப் பண்ணேன். இன்னும் நிறைய இருக்கு.”

அவளுக்கு முகம் சிவந்தது. அடித்துவிட்டு எழுதிய பதில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடிபட்டவைதான் சரி. ஆத்திரமாக வந்தது. ஏமாற்றிவிட்டீர்களே என்று கேட்டாள்.

“நீதான் யாரையும் நம்பறதில்லையே கண்ணு. இதை மட்டும் எப்படி நம்பின?”

“யார்கிட்டயும் காட்டாதேன்னு சொன்னீங்களே.”

சொன்னபிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. வெட்கமாகப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடம் அவளைத் தேற்றவில்லை. தாளை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்.

“போன வருஷம் பரீட்சை ஹால்ல உனக்குக் கீ கொடுத்திருக்க மாட்டாங்க. அங்க யாரைச் சந்தேகப்பட்ட?”

ஹாலில் அவள் முதலில் கேள்வித்தாளில் விடைக்குப் பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். கடைசியில்தான் விடை குறிக்கிற ஓஎம்ஆர் தாளில் வட்டங்களைக் கறுப்பாக்கினாள். அப்போது நடந்ததை அவள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

“வட்டம் போடறப்போ சிலதை மாத்திட்டேனுங்க.”

“முதல்ல வச்ச புள்ளி தப்புன்னு தோணுச்சா?”

“இல்லைங்க.”

“பின்ன?”

அவள் அழ ஆரம்பித்தாள்.

“விடை ரொம்பச் சுலபமா இருந்துச்சுங்க மேடம்.”